லயத்து வாசல்களை வரிசையாக எழுதி வைப்பது எப்படி

மலேசியத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் ஒட்டி வரிசையாக நிற்கும் லயத்தில் வளர்ந்த எவரையும் "உங்க லயத்துல யார் யார் இருந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஆறேழு பெயர் வரும். பிறகு "நெறையப் பேரு இருந்தாங்க, மறந்துபோச்சு" என்று கையை விரிப்பார்கள். அதே ஆளிடம் "குழாயடியிலிருந்து தண்ணி தூக்கிக்கிட்டு வர்றீங்க, முதல் வாசல் யார் வீடு? அடுத்தது?" என்று கேட்டால் இருபது வீடும் வரிசையாக வரும். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டில் மாவரைக்கும் சத்தம் விடியுமுன் கேட்கும் என்பதுவரை வரும். அக்கம்பக்கத்து மனிதர்கள் நினைவில் வாசலோடு சேர்ந்தே கிடக்கிறார்கள். அதனால் பெயரைக் கேட்க வேண்டாம், வாசலைக் கேளுங்கள். ஒரு தோட்டச் சாலையில் எந்த வாசலில் யார் இருந்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டுப் படமாக வரைந்து நோட்டில் எழுதும் வேலை முழுவதும் இந்த ஒன்றை நம்பித்தான் நடக்கிறது.

உதாரணங்கள் கோலசிலாங்கூர் மாவட்டத்துப் பெஸ்தாரி ஜெயா பக்கத்தவை. 2007 வரை அந்தப் பட்டணத்தின் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை; பெரியவர்கள் வாயில் இன்றைக்கும் அதுதான். அங்கே உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனையை (எண்ணெய்ப்பனையை) நட்டார். (பெயர் தென்னை, நட்டது செம்பனை.) பின்னாளில் பால்மர (ரப்பர்) தோட்டங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறின. ஆள்தேவை குறைந்தது, லயங்கள் காலியாயின, பிள்ளைகள் தாமான் (பட்டணத்துக் குடியிருப்பு) வீடுகளுக்குப் போனார்கள். சுங்கை சிப்புட், பகாவ், கூலிம் என்று எந்தத் தோட்டப் பட்டணமானாலும் முறை இதேதான்.

வேண்டிய சாமான் அதிகமில்லை. மாஜோங் தாள் (பெரிய வெள்ளைத் தாள்) ஐந்தாறு, இரண்டாம் எண் கறுப்புப் பென்சில், சிவப்புப் பென்சில் ஒரு பெட்டி, 30 மீட்டர் அளவு நாடா, தடித்த அட்டை போட்ட கோடு நோட்டு ஒன்று, ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி. பேனா இப்போதைக்கு வேண்டாம். முதல் மூன்று படமும் கட்டாயம் தப்பாக இருக்கும். நாற்பது வாசல் உள்ள ஒரு சாலைக்கு மூன்று வார இறுதிகளாவது ஒதுக்குங்கள்.

ஒரு சாலை, ஒரே ஆண்டு

முழுத் தோட்டத்தையும் வரைய ஆசை வரும். வேண்டாம். ஒரு சாலை, அதன் இரு பக்கத்து லயங்கள், அவ்வளவுதான். அதைவிட முக்கியம் ஆண்டு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலையை விட்டால், ஓய்வு பெற்றால், வேறு டிவிஷனுக்கு மாற்றினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஒரே வாசலில் இருபது ஆண்டில் நாலு குடும்பம் இருந்திருக்கும். ஆண்டைக் கட்டிப்போடாமல் கேட்டால் நாலு குடும்பமும் ஒரே வீட்டில் ஒன்றாக நிற்கும். வரைகிறவருக்குப் பைத்தியம் பிடிக்கும்.

ஆனால் "1970இல் அந்த வீட்டில் யார்?" என்று எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதில் வராது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக்காரர்களிடம் நன்றாக வேலை செய்யும் ஆணிகள் சில:

1957 ஆகஸ்ட் 31 சுதந்திரம். 1963 டிசம்பரில் தொலைக்காட்சி தொடங்கியது. எந்த வீட்டில் முதல் பெட்டி வந்தது, அதன் அஞ்சடியில் (முன்தாழ்வாரத்தில்) யார் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பது எவருக்கும் மறக்காது. 1969 மே கலவரமும் ஊரடங்கும். அதே காலத்தில் வந்த வேலை பெர்மிட் சட்டம்: குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பெர்மிட் கிடைக்காமல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள், ஒரு லயத்தில் பல வாசல் ஒரே ஆண்டில் பூட்டியது. "ரஜூலா கப்பல்ல போனாங்களே, அதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டால் போதும். 1971 சனவரி பெருவெள்ளம். இளையவர்களிடம் 1992இல் பூப்பந்தில் தாமஸ் கிண்ணம் வென்ற ராத்திரி.

இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையான ஆணி 1982 சனவரி 1. அன்றுதான் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள். பழைய அஞ்சரை, புது ஆறு. விடியுமுன் பிரட்டுக்கு (பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் வரிசைக்கு) நின்றவர்களுக்கு இது சின்ன விஷயமா? "பழைய நேரத்துல அந்த வீட்ல யாரு இருந்தா, புது நேரத்துல யாரு?" என்றால் தயங்காமல் சொல்வார்கள்.

ஆண்டைத் தேர்ந்தெடுக்கும்போது உயிரோடு இருக்கும் மூத்தவர் அப்போது பத்து வயதைத் தாண்டியிருந்தாரா என்று பாருங்கள். அதற்குக் கீழே போனால் இரண்டு வீட்டுக்கு மேல் தெரியாது.

படத்துக்கு அளவு

மனம்போல வரைந்தால் குழாயடி ஒரு பக்கம் பெருத்து, கடைசி லயம் தாளைவிட்டு வெளியே போய்விடும். இரண்டு அளவில் இரண்டு விதப் படம் வேண்டும்.

சாலைப் படத்துக்கு 1க்கு 500. அதாவது தாளில் 1 சென்டிமீட்டர், தரையில் 5 மீட்டர். 400 மீட்டர் சாலை 80 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். இதில் லயம் ஒரு நீளக் கட்டமாகத்தான் தெரியும். ஒரு வீட்டின் முகப்பு 12 அடி, அதாவது ஏறத்தாழ 3.6 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் தாளில் 7 மில்லிமீட்டர்தான் வரும். எண் எழுதலாம், பெயர் எழுத முடியாது. இந்த இடத்தில்தான் பலரும் பெயரைத் திணித்து, படமும் போய்ப் பெயரும் போகும்.

லயத்துக்குத் தனித்தனித் தாள், 1க்கு 100. பத்து வீட்டு லயம் 36 சென்டிமீட்டர் வரும். ஒவ்வொரு வாசலுக்கும் மூன்றரை சென்டிமீட்டர் அகலம். முகப்பு, அஞ்சடி, உள்ளறை, பின்னால் சமையற்கட்டு, அதற்கும் பின்னால் வடிகால், கோழிக்கூடு, தோட்டம் என்று எல்லாம் போடலாம். 12 அடி என்பது கணக்குக்கு எடுத்துக்கொண்டதுதான். ஒரு லயமாவது நின்றுகொண்டிருந்தால் நாடாவை வைத்து அளந்துவிடுங்கள். இடித்த இடத்தில் சிமெண்டுத் தரை மிச்சமிருந்தாலும் போதும், குறுக்குச் சுவர் நின்ற தடம் அதில் தெரியும்.

எண் போடுவதில் ஒரு கட்டுப்பாடு. தோட்ட நிர்வாகம் கொடுத்த வீட்டு எண்ணை நம்ப வேண்டாம். கூரை மாற்றும்போதும் நிர்வாகம் கைமாறும்போதும் அது மாறியிருக்கும். உங்கள் சொந்த எண் போடுங்கள்: லயத்துக்கு ஓர் எழுத்து, வாசலுக்கு ஓர் எண். க1, க2, க3. எப்போதும் கோவில் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். எதிர் லயத்துக்கும் அதே பக்கத்திலிருந்து. ஒன்றை இடமிருந்தும் மற்றதை வலமிருந்தும் எண்ணிவிட்டால் நோட்டு முழுதும் குழம்பிப்போகும்.

அசையாதவற்றை முதலில் குத்துங்கள்

வீடுகளுக்கு முன் படத்தில் ஏற வேண்டியவை இடம் மாறாத பொருள்கள். லயத்தை இடித்தவர்களும் பெரும்பாலும் கோவிலைத் தொட மாட்டார்கள். கிணற்றை மூடினாலும் வளையம் தெரியும். சிறுபாலம், பெரிய வடிகால், குழாயடியின் சிமெண்டு மேடை, பிரட்டுக்களத்து மணிக்கம்பத்தின் அடி, ஆயாக்கொட்டகையின் (வேலை நேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தின்) படிக்கட்டு, புகைக்கூண்டின் செங்கல். இவற்றில் மூன்று கிடைத்தால் சாலை நிமிர்ந்துவிடும்.

இரண்டாவது சாட்சி மரம். செம்பனைக்கு நடுவே ஒரு மாமரமோ தென்னையோ தனியாக நின்றால் அது யாரோ ஒருவர் வீட்டுப் பின்கட்டு. முருங்கை, கறிவேப்பிலை, புளி, ரம்புத்தான் எல்லாம் இப்படித்தான். யார் நட்டது என்று கேளுங்கள். வாசல் எண் தானாக வரும். ஆனால் அவசரப்படுங்கள். செம்பனையை ஏறக்குறைய 25 ஆண்டுக்கு ஒருமுறை அழித்து மறுநடவு செய்வார்கள். கொத்துவாரி (மண் தோண்டும் இயந்திரம்) இறங்கும்போது மாமரமும் போகும், படிக்கட்டும் போகும், சில இடங்களில் உள்சாலையின் தடமே மாறிவிடும்.

தூரம் அளக்க இந்தச் செம்பனையே உதவும். வழக்கமான நடவு முக்கோணமாக, மரத்துக்கு மரம் 9 மீட்டர். நிரைக்கு நிரை சுமார் 7.8 மீட்டர். கிணற்றுக்கும் கோவிலுக்கும் இடையே ஒரே நிரையில் 14 இடைவெளி எண்ணினால் 126 மீட்டர். நாடாவை இழுத்துக்கொண்டு புல்லுக்குள் அலைவதைவிட இது வேகம். இரண்டு இடத்தில் மட்டும் நாடாவால் சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சில தோட்டங்கள் நெருக்கியோ தள்ளியோ நட்டிருக்கும்.

கைப்பேசி காட்டும் இடக்குறியை மட்டும் நம்பி வாசல் குறிக்காதீர்கள். வெட்டவெளியிலேயே அது மூன்று முதல் ஐந்து மீட்டர் பிசகும். செம்பனை ஓலைக்கடியில் இன்னும் மோசம். வீட்டின் அகலமே 3.6 மீட்டர். அதாவது அது உங்களைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் நிறுத்தும். கோவில், பாலம் போன்ற பெரிய அடையாளங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் பழைய தோட்ட வரைபடம் கிடைத்தால் அதில் நீளம் சங்கிலியில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, 20.1 மீட்டர். லயங்கள் வரைபடத்தில் ஓரிடத்திலும் பெரியவர் நினைவில் வேறிடத்திலும் இருந்தால் உடனே பெரியவரைச் சந்தேகிக்க வேண்டாம். 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகக் கூட்டி முள்வேலிக்குள் கொண்டுவந்தார்கள். வரைபடம் அதற்கு முந்தியதாக இருந்தால் இரண்டும் சரி.

வாசலைக் கேட்பது

முதல் சுற்றில் ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். இருவரைச் சேர்த்து உட்கார வைத்தால் குரல் பெரியவர் சொல்வதே படமாகும், மற்றவர் தலையாட்டுவார். இரண்டாம் சுற்றில் சேர்த்து வையுங்கள், அப்போது சண்டை பயன்படும்.

கேள்வி எப்போதும் நடையாக இருக்கட்டும். ஆண்களிடம்: விடியற்காலை வீட்டிலிருந்து பிரட்டுக்களம் வரை. பெண்களிடம்: குழாயடிக்குப் போய்வந்தது, ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டது. இந்த இரண்டும் வேறு வேறு சாலை. ஆண்கள் அஞ்சடியை வைத்துச் சொல்வார்கள், பெண்களுக்குப் பின்கட்டுதான் நினைவு: யார் வீட்டு அடுப்பில் நெருப்பு வாங்கலாம், யார் வீட்டு வடிகால் அடைக்கும் என்பது அங்கேதான் தெரியும். அந்தக் காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களிடம் பள்ளிக்கூடத்துக்குப் போன வழியைக் கேளுங்கள், அதோடு திடலில் படம் காட்டிய இரவில் பாய் தூக்கிக்கொண்டு போன வழியையும். ஓர் ஆண், ஒரு பெண், ஒரு பழைய பிள்ளை என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்ட வாசலை மையால் எழுதலாம்.

நடக்கும்போது ஒரு வாசலில் தடங்கினால் தள்ளாதீர்கள். "சரி, தாண்டிப் போங்க, அடுத்த வீடு?" என்று விடுங்கள். திரும்பி வரும் வழியில், எதிர்ப்பக்கமாகக் கேட்கும்போது, விட்ட வாசல் பாதிக்கு மேல் கிடைத்துவிடும்.

ஒலிப்பதிவுக்குக் காலை பத்து மணி நல்லது. பிற்பகல் மழை பிடித்தால் தகரக்கூரை அடியில் ஒரு சொல்கூடப் பதிவாகாது. மின்விசிறியை நிறுத்துங்கள், தொலைக்காட்சியையும் நிறுத்தச் சொல்லுங்கள் (இதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டும்). கைப்பேசியைப் பேசுகிறவருக்கு முழ தூரத்தில், மேசைமேல் மடித்த துணியின்மீது வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தேநீர்க் கோப்பை வைக்கும் ஒலியெல்லாம் இடிபோல் விழும். தொடக்கத்தில் நாள், இடம், பேசுகிறவர், எந்த ஆண்டைப் பற்றிய பேச்சு என்று நீங்களே சொல்லிவிடுங்கள். முக்கால் மணி நேரத்தில் நிறுத்துங்கள். அதற்குமேல் களைப்பில் வீடுகள் இடம் மாறத் தொடங்கும்.

நோட்டில் ஒரு வாசலுக்கு ஒரு முழுப்பக்கம். எழுத வேண்டியவை: எப்படிக் கூப்பிட்டார்கள், அடையாள அட்டையில் என்ன பெயர், வீட்டில் யார் யார், என்ன வேலை (பால்வெட்டா, வெளிக்காட்டு வேலையா, ஸ்டோரா, மண்டோரா என்ற மேற்பார்வையாளரா, கிராணி என்ற எழுத்தரா), எங்கிருந்து வந்தார்கள், எப்போது, எங்கே போனார்கள், இதைச் சொன்னது யார். கடைசிக் கட்டம் மிக அவசியம். யார் சொன்னது என்று குறிக்காத தகவலை ஆறு மாதம் கழித்து உங்களாலேயே நம்ப முடியாது.

வீட்டைப் பற்றியும் நாலு வரி வேண்டும். அயர்லாந்தில் 1901, 1911 குடிக்கணக்கு ஏடுகளை வீடு வீடாக இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் சுவர் கல்லா மண்ணா, கூரை ஓடா வைக்கோலா, எத்தனை அறை, முன்பக்கம் எத்தனை ஜன்னல் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். ஒரு கிராமத்துச் சாலை நூறாண்டில் எவ்வளவு மாறினாலும் அந்த ஏட்டை வைத்து ஒவ்வொரு வாசலையும் எழுப்பிவிடலாம். நம் லயங்களுக்கு அப்படித் திறந்து பார்க்க ஏடு கிடையாது, ஆகவே அந்த நாலு கேள்வியைக் கடன் வாங்கிக்கொள்வோம்: சுவர் பலகையா சிமெண்டா, கூரை அத்தாப்பா (ஓலையா) தகரமா, உள்ளே எத்தனை அறை, முன்னால் எத்தனை ஜன்னல். கூடவே நம்முடையவை இரண்டு: தரை மண்ணா சிமெண்டா, மின்சாரம் எப்போது வந்தது. அதே நாட்டில் 1937 முதல் 1939 வரை தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்து, வீட்டுப் பெரியவர்களிடம் ஊர்க்கதைகளைக் கேட்டு எழுதிவரச் செய்தார்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் மனம் வைத்தால் இங்கும் நடக்கும். பேரப்பிள்ளை கேட்டால் வரும் பதில் வெளியாள் கேட்டால் வராது.

பெயர், முறை, பட்டப்பெயர்

லயத்தில் பாதிப் பேருக்கு உண்மைப் பெயரே புழக்கத்தில் இருக்காது. கடைசி வீட்டுப் பாட்டி, டைலர் அண்ணன், டிரைவர் மாமா, பால்மாட்டு அத்தை. இவற்றை அப்படியே எழுதுங்கள், "திருத்த" வேண்டாம். சாலையில் வழங்கிய பெயர் அதுதான். கேலிப் பட்டப்பெயர்கள் நோட்டில் மட்டும் இருக்கட்டும்; பேரன் பேத்திகள் பார்க்கும் படத்தில் ஏற வேண்டாம்.

அத்தை, மாமா என்பதை வைத்து உறவுக்கொடி வரைந்துவிடாதீர்கள். லயத்தில் எல்லாருக்கும் எல்லாரும் ஏதோ ஒரு முறை. ரத்த உறவா, முறைக்குக் கூப்பிட்டதா என்று தனியாகக் கேட்க வேண்டும். ஆனாலும் முறைச்சொல்லில் ஒரு லாபம் உண்டு. அறுபது வயதுக்காரர் ஒருவரை அக்கா என்றும், எழுபது வயதுக்காரர் அதே ஆளைத் தங்கச்சி என்றும் சொன்னால் வயது அறுபதுக்கும் எழுபதுக்கும் இடையே விழுந்துவிட்டது. பிறந்த ஆண்டே தெரியாத ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தாளில் தேடும்போது எழுத்து அடுத்த தொல்லை. ரோமன் எழுத்தில் பதிந்த கிராணியின் காதைப் பொறுத்து ஒரே முனியம்மா ஒரு தாளில் மொனியம்மா, இன்னொன்றில் முனிஅம்மாள். அண்ணன் தம்பி இருவரின் அட்டையிலும் அப்பாவின் பெயர் வேறு வேறாக எழுத்துக்கூட்டியிருப்பது சாதாரணம். நாலு வடிவத்தையும் நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு பிறகு தேடுங்கள்.

தோட்டத்துக்கும் இதே கதை. ஆங்கிலப் பெயர் ஒன்று, மக்கள் வைத்த தமிழ்ப் பெயர் ஒன்று, கைமாறியபின் வந்த மலாய்ப் பெயர் ஒன்று. இடங்களுக்கோ கட்டைக் கணக்கு. மைல்கல் போய்க் கிலோமீட்டர் கல் வந்தபிறகும் ஏழாங்கட்டை ஏழாங்கட்டையாகவே இருக்கிறது. இன்றைய கிலோமீட்டர்க் கல்லோடு ஒப்பிட 1.6 ஆல் பெருக்குங்கள். அப்படியும் பொருந்தவில்லையென்றால் சாலையை நிமிர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பட்டணத்துக் கடைத்தெரு கொஞ்சம் எளிது. கடைவீடுகள் நிற்கும், ஆண்டும் சில முகப்புகளில் பொறித்திருக்கும். அஞ்சடியில் நின்றுகொண்டு சீனர் சாமான் கடை, முடிவெட்டும் கடை, மருந்துக்கடை, கள்ளுக்கடைக்குத் திரும்பும் சந்து என்று வரிசையாகக் கேளுங்கள். எந்தக் கடையில் 555 என்ற சின்ன நோட்டில் கடன் எழுதினார்கள் என்ற கேள்விக்குப் பதில் வராத குடும்பமே இருக்காது. அந்த நோட்டு எங்காவது பெட்டியடியில் கிடந்தால் அரிசி, சீனி, மண்ணெண்ணெய் என்று அந்த ஆண்டின் அடுப்பே கையில் கிடைத்த மாதிரி.

காகிதச் சாட்சி

நினைவை ஒட்டவைக்கத் தாள் வேண்டும். தோட்டத்துச் செக்ரோல் (ஆள்கணக்கு, சம்பளப் பதிவேடு) கிடைத்தால் பொன், ஆனால் பெரும்பாலும் கிடைக்காது. வீட்டிலேயே தேடுங்கள். பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடமாகத் தோட்டத்தின் பெயர் இருக்கும். 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியின் பழைய கணக்குத் தாளில் முதலாளியின் பெயர் இருக்கும். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டை, 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குத் தாள், இரண்டிலும் தோட்டம் தெரியும். தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், சேர்ந்த நாள் எல்லாம் சொல்லும். தலைமையாசிரியரிடம் கடிதத்தோடு போங்கள், படமெடுக்க அனுமதி தனியாகக் கேளுங்கள்.

பலரும் மறந்துவிடும் இரண்டு தாள் உண்டு. ஒன்று கல்யாண மொய் நோட்டு. அதில் பெயருக்குப் பக்கத்தில் "மேட்டு லயம்", "ஸ்டோர் பக்கம்" என்று எழுதியிருப்பார்கள், மேலே தேதியும் இருக்கும். ஒரே நாளில் சாலை முழுவதும் வரிசையாக வந்து கையெழுத்திட்ட மாதிரி. மற்றது கோவில் திருவிழா நோட்டீசின் பின்பக்க உபயகாரர் பட்டியல். பழைய நோட்டீசுகள் பூசாரி வீட்டுப் பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால், சில சமயம் அலமாரித் தட்டில் விரிப்பாகவும் கிடக்கும்.

செய்தித்தாளில் தேட, 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனின் மரண அறிவிப்புகளும் கருமக்கிரியை அழைப்புகளும் உதவும். தோட்டத்தின் பெயர் அதில் தவறாது. ஆங்கிலப் பத்திரிகைகளுக்குச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பு போதும், தோட்டத்தின் ஆங்கிலப் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போவதானால் தோட்டத்தின் பெயர், மாவட்டம், தோராயமான ஆண்டு மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள். குடும்பப் பெயரை மட்டும் கொண்டுபோனால் நாள் வீண்.

புகைப்படத்தில் முகத்தைப் பார்த்ததும் பின்னணியைப் பாருங்கள். கல்யாணப் படத்தின் ஓரத்தில் தெரியும் அஞ்சடித் தூண், ஜன்னல் கம்பி, பக்கத்து வீட்டு ஏணி, இவைதான் உங்களுக்கு வேண்டியவை. பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையும் இருக்கும்.

ஒரே வாசலுக்கு இரண்டு பேர்

கட்டாயம் நடக்கும். பெரும்பாலும் இருவரும் சொல்வது சரி, ஆண்டுதான் வேறு. ஆணி நாளை வைத்து மறுபடியும் கேளுங்கள். அப்படியும் தீராவிட்டால் ஒருவர் மேலிருந்தும் மற்றவர் கீழிருந்தும் எண்ணியிருப்பார். மூன்றாவது காரணம், வீடு மாற்றிக்கொள்வது: பிள்ளைக்குக் கல்யாணமானால், சண்டை வந்தால், கிணற்றுப் பக்கம் வேண்டுமென்றால், கிராணியிடம் சொல்லி இரண்டு குடும்பம் வாசலை மாற்றிக்கொள்ளும். இது எந்தத் தாளிலும் இருக்காது. எதுவும் ஒத்துவராவிட்டால் இரண்டு பெயரையும் எழுதி, சொன்னவர் பெயரைப் போட்டு, கேள்விக்குறியோடு விட்டுவிடுங்கள்.

சில விஷயங்களைப் படத்தில் ஏற்றவே கூடாது. தத்துப் பிள்ளை, ஓடிப்போன கல்யாணம், தூக்கு, சம்சு (கள்ளச்சாராயம்) காய்ச்சியது, அட்டை நிறம், கடன். சொல்கிறவர் சகஜமாகச் சொல்லுவார். அந்த வீட்டுப் பேத்தி இப்போது பக்கத்துத் தாமானில் இருப்பாள். சில தோட்டங்களில் சாதி பார்த்து லயம் பிரித்திருந்தார்கள். அது நடந்த உண்மை, நோட்டில் இருக்கட்டும். ஆனால் வாசல் வாசலாகப் பெயரோடு சாதியை ஒட்டிப் பொதுவில் வைக்காதீர்கள். உயிரோடு இருப்பவர் பெயரைப் போடுமுன் அவரைக் கேளுங்கள். இதற்காகவே இரண்டு பிரதி வேண்டும்: எல்லாம் உள்ள நோட்டு வீட்டுக்கு, பெயரும் வாசலும் மட்டும் உள்ள படம் ஊருக்கு.

திருவிழா மேசை

படம் பாதிக்கு மேல் நிரம்பியதும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கொண்டுபோங்கள். சிதறிப்போனவர்கள் கிள்ளான், ரவாங், ஜொகூர் என்று எங்கிருந்தாலும் அந்த ஒருநாள் திரும்பி வருவார்கள். அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில், வரிசை நிற்கும் இடத்தில் மேசை போடுங்கள். சாமி பார்க்கும் இடத்தில் போட்டால் யாரும் நிற்க மாட்டார்கள்.

படத்தைப் பிளாஸ்டிக் ஒட்டிப் பளபளவென்று கொண்டுபோகாதீர்கள். முடிந்துபோன படம் என்று நினைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பென்சில் படமாகவே, தப்புகளோடு, வெற்று வாசல்களோடு விரித்து வையுங்கள். சிவப்புப் பென்சில்களை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். தெரிந்தே விட்ட ஒரு தப்பு இருந்தால் இன்னும் நல்லது. அதைத் திருத்த வருகிறவர் அரை மணி நேரம் நிற்பார், பக்கத்தில் இன்னும் மூன்று பேரைக் கூப்பிடுவார். எழுதினவர் பெயரையும் கைப்பேசி எண்ணையும் நோட்டில் உடனே வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணைப் படத்தில் எழுத விடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை படத்தை மேலிருந்து புகைப்படம் எடுங்கள், சாம்பார் கொட்டினால் அதுதான் மிஞ்சும்.

வீடு திரும்பிய அன்றிரவே சிவப்புத் திருத்தங்களை நோட்டில் ஏற்றுங்கள். பிறகு புதிய தாளில் மையால் வரையுங்கள். வலது கீழ்மூலையில் எந்த ஆண்டின் சாலை, எப்போது வரைந்தது, எத்தனையாவது படம் என்று எழுத மறக்காதீர்கள். ஒலிப்பதிவுகளுக்கு வாசல் எண்ணும் நாளும் வைத்துப் பெயரிட்டு மூன்று இடத்தில் வையுங்கள். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். படத்தின் பிரதி ஒன்று கோவில் கமிட்டிக்கு, ஒன்று தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு. பென்சில் படத்தை எறியாதீர்கள். அடுத்த திருவிழாவுக்கும் அதையே விரிக்க வேண்டியிருக்கும்.